நீல நூல் போட்ட துணி

எங்கள் லாண்டரியில் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். வேலையில் சேர்ந்த முதல் நாள், கழுத்துவரை பட்டன் போட்ட முழுக்கை வெள்ளைச் சட்டையும் தேய்த்த பேன்ட்டும் படிய வாரிய தலையுமாக வந்து நின்றான். வந்தது ஆஸ்பத்திரியின் அழுக்குத் துணியைப் பிரித்துப் போடுகிற வேலைக்கு. "மாப்பிள்ளை வந்தாச்சு, பொண்ணு எங்கேப்பா?" என்று நான்தான் வாயை விட்டேன். இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அவனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அன்றோடு அவனுடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துபோனோம்.

நான் பிரஸ் மெஷினில் நிற்கிறவள். உலர்ந்து வரும் துணியைச் சூட்டில் கொடுத்து, மடித்து அடுக்குவது என் வேலை. எனக்கு வாய் அதிகம் என்று சொல்வார்கள். அந்த ஆவியிலும் சத்தத்திலும் நாள் முழுக்க நின்று பாருங்கள், உங்களுக்கும் அதிகமாகும். லாண்டரி ஆஸ்பத்திரிக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. மேலே நடக்கிறதெல்லாம் துணியாக எங்களிடம் இறங்கி வரும். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ரத்தம், காய்ச்சல் வார்டிலிருந்து வேர்வை, பிரசவ வார்டிலிருந்து எல்லாமே. மூட்டையை முதலில் அவிழ்க்கிற கை மாப்பிள்ளையுடையது. அந்த மேஜைக்கு யாரும் விரும்பிப் போனதில்லை. போனவர்களும் முதுகுவலி, அலர்ஜி என்று ஏதாவது சொல்லி இடம் மாறிக்கொள்வார்கள். அவன் மாறவில்லை. முகம் சுளித்துக்கூட நான் பார்த்ததில்லை. மூட்டைக்குள் மூக்குக்கண்ணாடியோ மோதிரமோ பொம்மையோ கிடந்தால், கையுறையைக் கழற்றிவிட்டு அவனே மாடி மாடியாக ஏறிப்போய் உரியவரிடம் கொடுத்துவிட்டு வருவான். போனால் லேசில் திரும்ப மாட்டான். எதிலும் நிதானம். நான் நாலு போர்வை மடிக்கிற நேரத்தில் அவன் ஒன்றை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணமும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் கவுண்டரில் நின்ற பெண் அவள். தினமும் போய் ஒரு பன் வாங்கி வருவான். அவனுக்கு இனிப்பே ஆகாது, பன்னை எங்கள் தலையில் கட்டிவிடுவான். தின்று தின்று எங்களுக்கு வெறுத்துப்போனதே தவிர அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியபாடில்லை. கடைசியில் அவள்தான் கேட்டிருக்கிறாள். "உங்களுக்குப் பிடிச்சது பன்னா, நானா? சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி வரிசை நிக்குது." அவள் அப்படித்தான், மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் ஒன்று பேசத் தெரியாது.

அவனுக்கு அப்பா அம்மா இல்லை. அவளுக்கு அம்மா மட்டும், அந்த அம்மாவும் படுத்த படுக்கை. அதனால் அவள் வயிற்றில் பிள்ளை தங்கியதும் அக்கா, அண்ணி, பிறக்கப்போகிற பிள்ளைக்கு அத்தை என்ற எல்லாப் பதவியிலும் என்னை நானே உட்காரவைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்டால்தான் போக வேண்டுமா என்ன.

எங்கள் லாண்டரியில் ஒரு பழக்கம் உண்டு. எங்களில் ஒருவர் வீட்டு ஆள் மேலே அட்மிட் ஆனால், கிழியாததாக, கறை படாததாக நாலு விரிப்பைப் பொறுக்கி, மூலையில் நீல நூலால் ஒரு முடிச்சுத் தைத்து அனுப்புவோம். வார்டு ஆயாக்கள் எல்லோருக்கும் அது தெரியும். நீல நூல் போட்ட துணி லாண்டரி ஆளுடையது, வேறு கட்டிலுக்குப் போகாது. மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிந்தால் சத்தம் போடுவார்கள், அதனால் தெரியப்படுத்துவதில்லை. இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் நாங்கள் அனுபவிக்கிற சலுகை அது ஒன்றுதான்.

பிள்ளைக்காக மாப்பிள்ளை முன்கூட்டியே தைக்க ஆரம்பித்துவிட்டான். சின்னச் சின்னச் சதுரத் துணிகள். பல தடவை துவைத்து மெத்தென்று ஆனதாகப் பார்த்துப் பொறுக்கினான், புதுத்துணி பிள்ளையை உறுத்துமாம். டீ நேரத்தில் மூட்டைகள் மேல் உட்கார்ந்து ஊசியும் கையுமாக இருப்பான். பிள்ளை காலேஜ் போவதற்குள் தைத்து முடித்துவிடுவாயா என்று கேட்டேன். முடித்துவிடுவேன் அக்கா என்று நிஜமாகவே பதில் சொன்னான்.

பிரசவம் சரியாக நடக்கவில்லை. தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றியிருந்தது. அவசர அவசரமாக வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். ஆண் பிள்ளை, நல்ல எடை, தலை நிறைய முடி. ஆனால் அழவில்லை. மூச்சுக்குக் குழாய் போட்டு, பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுற்றிலும் கண்ணாடி வைத்த அறை என்பதால் நாங்கள் அதைக் கண்ணாடி ரூம் என்போம். அவள் அப்போது மயக்கத்தில் இருந்தாள். பெற்றவள் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கண்ணாடி ரூம் டாக்டர் சின்ன வயசுப் பெண். என் மகள் வயசுதான் இருக்கும். மாப்பிள்ளையை ஓரமாக உட்காரவைத்து, தானும் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். பிறக்கும்போது மூச்சு முட்டியதில் பிள்ளையின் உடம்பு முழுக்க அடிபட்டிருக்கிறது. இதயம் ஓடுகிறது. தலைக்குள் எப்படி இருக்கிறது என்று போகப்போகத்தான் தெரியும். அதற்கு முன்னால் கிட்னி வேலை செய்ய வேண்டும். இதுவரை ஒரு சொட்டு சிறுநீர் வரவில்லை, வராமலே போனால் உடம்பு தாங்காது.

"ஒண்ணுக்கு வரட்டும்ங்க" என்றார். "வந்துட்டா அடுத்தது என்னன்னு சொல்றேன். அதுவரைக்கும் நான் எதையும் சொல்ல முடியாது."

அதற்குப் பிறகு லாண்டரியில் வேறு பேச்சே இல்லாமல் போனது. பாய்லர் ஆள் வந்தால் "போனானா?" வண்டி தள்ளுகிறவன் வந்தால் "போனானா?" சூப்பர்வைசர் எப்போதும் எரிந்து விழுகிற மனிதர், அவரும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "என்ன, தம்பி ஒண்ணுக்குப் போயிட்டாரா?" என்று கேட்பார். ஊரில் மற்றவர்கள் பிள்ளை மடியை நனைத்துவிட்டது என்று கத்துவார்கள். நாங்கள் இத்தனை பேர் ஒரு பிள்ளையின் மூத்திரத்துக்காகத் தவம் கிடந்தோம்.

மாப்பிள்ளைக்கு லீவு கொடுத்தார்கள். அவன் எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடி ரூமுக்குள் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் அப்பாக்களை விடுவார்கள். போய், கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நிற்பான். பிள்ளை அதைப் பிடிக்காது. திரும்பி வந்து மூட்டையை அவிழ்க்க ஆரம்பிப்பான். இங்கே வந்து என்னடா செய்கிறாய், மேலே போய் இரு என்று நான் திட்டினேன்.

"மேல நின்னா கண்ணாடிதான் தெரியுது அக்கா" என்றான். "இங்க அவன் துணியாவது கைக்கு வருது."

அவன் தைத்த துணிகளைக் கண்ணாடி ரூம் ஆயா வாங்கிப் பிள்ளையின் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தாள். நனைந்தாலும் நனையாவிட்டாலும் காலையில் ஒரு தடவை மாற்றிவிடுவார்கள். அந்தத் துணி மதிய மூட்டையில் கீழே வரும். மற்றப் பிள்ளைகளின் துணிகள் ஈரமாக, மஞ்சளாக, கனமாக வந்து விழும். நீல நூல் போட்டது மட்டும் காய்ந்து கிடக்கும். மாப்பிள்ளை அதை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, தொட்டியில் போடுவான். மற்றத் துணிகளை எடுக்கும்போது அவன் பார்வையே வேறு மாதிரி இருக்கும். மூத்திரத் துணியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதனை என் வாழ்நாளில் அப்போதுதான் கண்டேன்.

பிறகு அவள் படுத்திருந்த வார்டுக்குப் போவான். அவளுக்கு எழுந்து நிற்கவே முடியவில்லை, தையல் இழுத்தது, காய்ச்சல் வேறு. அவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருந்த ஒரே வழி அவன்தான். அவன் வாயிலிருந்து ஒன்றைப் பிடுங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். மூக்கு யாரைப் போல என்பாள், குழாய் மறைக்கிறது என்பான். காது என்பாள், தொப்பி போட்டிருக்கிறார்கள் என்பான். அப்படியானால் எதைத்தான் பார்த்துவிட்டு வந்தீர்கள் என்று அவள் கேட்டால், யோசித்துவிட்டு, "பாதம்" என்பான். "உன் பாதம். பெருவிரல் மட்டும் தனியா நிக்குது." அவள் போர்வையைத் தள்ளித் தன்னுடைய பெருவிரலை எனக்குக் காட்டினாள். ஒண்ணுக்குப் போனானா என்று அடுத்த கேள்வி வரும். இல்லை என்று அவன் தலையாட்டுவான்.

"உங்களையே உரிச்சு வெச்சுப் பிறந்திருக்கான்" என்றாள் ஒரு நாள். "எதுக்கும் அவசரம் கிடையாது. இதுக்குக்கூட உட்கார்ந்து யோசிக்கிறான்."

அதைச் சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்குப் பாலும் வரவில்லை. சிஸ்டர்கள் அழுத்திப் பார்த்துவிட்டுக் கவலை போனால்தான் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கவலை எப்படிப் போகும் என்பதற்கு அவர்களிடம் மருந்து இல்லை.

பிறகு அந்த நாள் வந்தது. காலையிலேயே எங்கள் டிரையர் மக்கர் செய்தது. உலர்ந்த துணி மேலே போக நேரமாகிவிட்டது, எல்லா வார்டிலிருந்தும் போன் மேல் போன். நான் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தபோது மாப்பிள்ளை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அக்கா என்றுகூட வரவில்லை அவனுக்கு. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி ரூம் மூட்டையை அவிழ்த்துப்போட்டு, கையில் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூலையில் நீல நூல். துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. போய் முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. மூட்டையைக் கிளறினால் இன்னொன்று, அதிலும் நீல நூல், அதுவும் ஈரம்.

அவன் ஓடினான். நிதானத்தின் மறு உருவமான அந்த மனிதன், கையுறையைக்கூடக் கழற்றாமல், ஈரத்துணியும் கையுமாக மாடிப்படியில் தாவித் தாவி ஓடினான். நான் மெஷினை நிறுத்திவிட்டு அவன் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினேன். சூப்பர்வைசர் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் முன்னால் போய் அவர்தான் கதவைத் திறந்துவிட்டார்.

வார்டுக்குள் நேராக அவள் கட்டிலுக்குப் போனான். துணியை அவளிடம் நீட்டினான். அவள் பார்த்தாள், மூலையைத் தடவினாள், இரண்டு கையாலும் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் பெண்கள் முதலில் முகம் சுளித்தார்கள், விஷயம் தெரிந்ததும் அவர்களே சிரித்தார்கள், ஒருத்தி கையைத் தட்டினாள். மாப்பிள்ளையின் பெண்டாட்டிக்குச் சிரித்தால் தையல் வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், வலிக்கிறது என்று அவனைத் திட்டினாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். எனக்கும் கண் தெரியவில்லை.

அன்று மாலைக்குள் அவளுக்குப் பால் வந்துவிட்டது. இரவிக்கை நனைந்தது. அவளே உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சின்னக் கிண்ணத்தில் பீய்ச்சி அவனிடம் கொடுத்தாள். சூடு ஆறுவதற்குள் கொண்டுபோங்க என்றாள். அவன் கிண்ணத்தின்மேல் கையை மூடிக்கொண்டு நடந்தான். நானும் கூடப் போனேன். கண்ணாடி ரூம் வாசலிலேயே டாக்டர் எதிரே வந்தார். மாப்பிள்ளை கிண்ணத்தைக் காட்டி, "ஒண்ணுக்குப் போயிட்டான்ல, இனிமே பால் கொடுக்கலாமா?" என்று கேட்டான்.

டாக்டருக்குப் புரியவில்லை. யார் சொன்னது என்றார். அவன் துணியைப் பற்றிச் சொன்னான். டாக்டர் உள்ளே போய்ப் பிள்ளையின் துணியை எடுத்துப் பார்த்தார், சிஸ்டரிடம் கேட்டார், திரும்பி வந்து இல்லை என்றார். இன்றைக்கும் ஒரு சொட்டு இல்லை.

ஆயாவைக் கூப்பிட்டார்கள். அவள் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை, மஞ்சள் காமாலைக்கு விளக்கு வெளிச்சத்தில் போட்டிருந்தார்கள். அது நிமிடத்துக்கு ஒரு தரம் நனைத்துக்கொண்டே இருந்ததாம். காலையில் லாண்டரியிலிருந்து துணி வரவில்லை. அடுக்கில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் பிள்ளைக்குத் துணி செலவாவதே இல்லை, அவன் தைத்துக்கொடுத்த துணிகள் அப்படியே இருந்தன. காய்ந்தே கிடந்தவனுக்கு அன்று துணி மாற்றாமல், அவசரத்துக்கு அதிலிருந்து இரண்டை எடுத்து அந்தக் குழந்தைக்குப் போட்டுவிட்டாள். நல்ல மனுஷி. நான் அவளைக் கன்னாபின்னாவென்று பேசினேன். பேசி முடிப்பதற்குள் எங்கள் டிரையர் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளை யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தைக் கீழே வைக்கவும் தெரியாமல், கொண்டுபோகவும் தெரியாமல் நின்றான். சிஸ்டர்தான் மெதுவாகக் கேட்டார், அந்தப் பெண் குழந்தையின் அம்மாவுக்குப் பால் பற்றவில்லை, இதை அதற்குக் கொடுக்கலாமா, உங்களுக்கு மனசு இருந்தால் என்று. அவன் கிண்ணத்தை நீட்டினான். கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தக் குழந்தை குடிப்பதைக் கடைசிச் சொட்டுவரை பார்த்தான். பக்கத்தில் அவனுடைய பிள்ளை குழாயோடு அசையாமல் கிடந்தான். என்னால் பார்க்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

வார்டில் நுழைந்ததும் அவள் கேட்டாள், "குடிச்சானா?"

"குடிச்சுது" என்றான்.

 அவனை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய், இது என்ன காரியம், இப்போதே போய் உள்ளதைச் சொல் என்றேன். அவன் சுவரில் சாய்ந்து நின்றான். "வந்ததிலிருந்து அவ கண்ணை மூடலை அக்கா. இன்னைக்கு ஒரு நாள் தூங்கட்டும்" என்றான். எட்டிப் பார்த்தேன், அதற்குள்ளேயே அவள் தூங்கிவிட்டிருந்தாள். நான் போய் எழுப்பிச் சொல்லியிருக்கலாம். எனக்கும் மனசு வரவில்லை.

ஒரு நாள் என்றது மறுநாளும் நீண்டது. கிண்ணம் கிண்ணமாகப் பால் போயிற்று, காலியாகத் திரும்பி வந்தது. அவளுக்குக் காய்ச்சல் விட்டது, முகத்தில் ரத்தம் ஏறியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்தாள். அவன் அப்படிக் குடிக்கிறானே, நான் கொடுத்தால் இன்னும் குடிப்பான், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீல்சேர் வந்தது. நான் தள்ளினேன், அவன் பக்கத்தில் நடந்தான்.

இரண்டு கட்டடத்துக்கும் நடுவே மூடிய நடைபாதை ஒன்று இருக்கிறது, தண்ணீர் கேன் அடுக்கி வைத்திருக்கிற இடம். அங்கே வந்ததும் அவன் சேரின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினான். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். துணியை நனைத்தது யார், பால் யார் குடித்தது, டாக்டர் என்ன சொன்னார் எல்லாம். அவன் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதே இல்லை. கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் தண்ணீர் கேன்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பிள்ளை நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. நாளைக்கு வீட்டுக்குப் போகுது."

"சரி" என்றாள். பிறகு, "இனிமே எனக்கு எதையும் வந்து சொல்லாதீங்க. அவன் என்ன செஞ்சாலும் நான் பார்த்தா நம்புறேன். நீங்க சொன்னா நம்ப மாட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. மாப்பிள்ளை எழுந்து நின்று, பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

அன்று அவள் பிள்ளையைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள், தொப்பியைத் தூக்கிக் காதைப் பார்த்தாள், பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வார்டில் அவளை யாராலும் கட்டிப்போட முடியவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மாப்பிள்ளையும் லாண்டரிக்கு வருவதை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பேசிக்கொள்வதில்லை. டீ வாங்கிக் கொடுப்பான், வாங்கிக்கொள்வாள். உள்ளேயிருந்து யார் வந்தாலும் அவள் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டர் வந்து பார்த்தார். பிறகு அந்தச் சின்ன டாக்டர் எங்கள் மூவரையும் பக்கத்து அறையில் உட்காரவைத்துச் சொன்னார். மூளை விழித்துக்கொள்ளவில்லை. விழிக்கப்போவதும் இல்லை. மெஷின்தான் மூச்சு விடுகிறது, இதயமும் தளர்ந்துகொண்டே வருகிறது. இன்றைக்குத் தாண்டுமா என்று சொல்ல முடியாது. குழாயோடு கண்ணாடிக்குள் இருப்பதைவிடக் குழாயை எடுத்துவிட்டு உங்கள் கையில் கொடுக்கட்டுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்கு முன் வரை எனக்கு அந்த டாக்டர்மேல் கோபம், எப்போதும் சொல்ல முடியாது, சொல்ல முடியாது என்கிறாரே என்று. அன்றோடு அது போய்விட்டது.

மாப்பிள்ளை அவளைப் பார்த்தான். அவள் சரி என்றாள்.

காலை வெயில் விழுகிற ஒரு சின்ன அறையைத் திரை போட்டுக் கொடுத்தார்கள். குழாய், பிளாஸ்திரி எல்லாம் எடுத்துவிட்டு, துடைத்து, வெறும் உடம்போடு கொண்டுவந்தார் சிஸ்டர். அப்போதுதான் முழு முகமும் தெரிந்தது. மாப்பிள்ளையின் மூக்குதான். அவள் நாற்காலியில் இருந்தபடியே, "நீங்க முதல்ல தூக்குங்க. தினமும் வந்து நின்னது நீங்கதானே" என்றாள். நடைபாதைக்குப் பிறகு அவள் அவனிடம் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் உட்கார்ந்தான். பிள்ளையை அவன் நெஞ்சோடு சாய்த்து வைத்தார்கள். பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு விட்டான், நடுவில் நிறுத்தினான், மறுபடி விட்டான். அந்தப் பெரிய கை அந்தச் சின்ன முதுகு முழுவதையும் மூடியிருந்தது.

 திடீரென்று மாப்பிள்ளை தலையைக் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். நெஞ்சிலிருந்து வயிறுவரை ஒரு ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது.  பிறகு மெல்ல, பயந்தவன்போலச் சொன்னான்.

"வந்துடுச்சு."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பிள்ளையின் பாதத்தையே பார்த்துக்கொண்டு, "வேண்டாம்ங்க. இன்னைக்கும் வேண்டாம்" என்றாள்.

 அவன் அவள் கையை எடுத்துத் தன் சட்டையில் வைத்தான். அவள் கை அங்கேயே நின்றது. விரல்களை விரித்து, மேலே கீழே தடவிப் பார்த்தாள். கையை முகத்தருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம் என்று இன்றுவரை நினைக்கிறேன். அப்படி ஒரு வெளிச்சம் அந்த முகத்தில். நாற்காலியின் கையை ஊன்றி, தையலை மறந்து, எழுந்து நின்றுவிட்டாள். நனைந்த உள்ளங்கையை டாக்டரிடம் நீட்டினாள்.

"வந்துடுச்சு டாக்டர். வந்தா சொல்றேன்னு சொன்னீங்களே. இப்ப சொல்லுங்க."

டாக்டர் அந்தக் கையையும் பிள்ளையையும் பார்த்தார்.  கிட்னி தாமதமாக விழித்துக்கொண்டது, தலை விழிக்கவில்லை, இனி எது வந்தும் பயனில்லை. இது எனக்கே புரிந்தது. அவளுக்குப் புரியாமல் இருக்குமா? ஆனாலும் நீட்டிய கையை அவள் இறக்கவில்லை. திரும்பவும் குழாயைப் போடுங்கள், இன்னும் கொஞ்சம் பாருங்கள் என்றாள். சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளையின் நெஞ்சில் பிள்ளையின் மூச்சு நின்று, வெகுநேரம் கழித்து ஒன்று வந்தது.

இத்தனை நாளும் டாக்டர் சொன்னதை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவன் அவன்தான். இப்போதும் அவன்தான் சொன்னான்.

"இப்ப அதுக்கு ஒண்ணும் இல்லம்மா. அது முடிஞ்சு போச்சு." பிள்ளையை நெஞ்சிலிருந்து எடுத்து, தலையை ஒரு கையில் தாங்கி, அவளிடம் நீட்டினான். "வாங்கிக்கோ. சூடு இருக்கிறப்பவே வாங்கிக்கோ."

அவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.